நடந்து போகத்தக்க அமெரிக்கா

வருஷத்தை இரண்டே எண்களில் எழுதிவந்த தவறால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே இரவில் நின்றுவிடும் என்று பேசிக்கொண்ட காலம் அது. தொண்ணூறுகளின் கடைசி. அந்தத் தவறைத் திருத்த ஆள் வேண்டுமென்று அமெரிக்கா தேடியது. சித்தூர் ஜில்லா அனுப்பிவைத்தது. நான் டைரியில் எப்போதும் வருஷத்தை நான்கு எண்களிலேயே எழுதுகிறவள். மழை பெய்த நாள், பால்காரர் வராத நாள், வீட்டுக்கு வந்துபோனவர்கள், அன்றைக்கு என்ன கிழமை என்பதெல்லாம் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எழுதிவைத்து வருகிறேன். இந்தப் பழக்கத்தால் இதுவரை யாருக்கும் ஒரு பயனும் விளைந்ததில்லை. தேதியைக் குறைத்து எழுதியவர்களால்தான் என் கணவருக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தது.

புரட்டாசி மாதம், ஒரு சனிக்கிழமை. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர் வழக்கம்போல வார விடுமுறைக்குப் புத்தூர் வந்தவர், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே செய்தியைச் சொன்னார். கம்பெனி மூன்று ஊர்களுக்கு ஆள் அனுப்புகிறது: ஹூஸ்டன், சிகாகோ, டொரான்டோ. எந்த ஊர் வேண்டும் என்று தீபாவளிக்குள் சொல்லிவிட வேண்டும். அவரோடு வேலை செய்தவர்கள் எந்த ஊரில் சம்பளம் அதிகம் என்று விசாரித்தார்கள். நாங்கள் விசாரிக்க வேண்டியிருந்தது, எந்த ஊரில் கார் இல்லாமல் இருக்கலாம் என்று.

காரணம் நான். ரயிலில் என்னை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போகலாம். பஸ்ஸில் ஜன்னலோரம் கொடுத்தால் சமாளிப்பேன். கண்ணாடி ஏற்றிய காரில் மட்டும் முடியாது. தாராளமயம் எல்லோருக்கும் எதையோ கொடுத்தது. எனக்குக் கொடுத்தது மூடிய கண்ணாடியும், ஏ.சி.யும், முன்னால் ஆடிக்கொண்டிருக்கும் எலுமிச்சை வாசனை அட்டையும். கல்யாணத்துக்கு மறுநாள் புத்தூரிலிருந்து திருப்பதிக்குப் பூச்சரம் கட்டிய காரில் எங்களை அனுப்பிவைத்தார்கள். வடமாலபேட்டை தாண்டியதும் புது மாப்பிள்ளையின் பட்டுச் சட்டை போயிற்று. டாக்டர் காதுக்குள் ஏதோ சமநிலைச் சிக்கல் என்றார். ஓட்டுகிறவர்களுக்கு வாந்தி வராது என்று படித்தவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதையும் சோதித்துப் பார்த்தோம். சித்தூர் ரோட்டில் ஒரு காலி மைதானத்தில், ஓட்டுநர் பயிற்சிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்காமலே வாந்தி எடுத்தேன். தன் தொழில் வாழ்க்கையில் இப்படிப் பார்த்ததில்லை என்று அவர் மரியாதையோடு சொன்னார்.

கார் இல்லாத அமெரிக்கா என்பது எங்கள் பக்கத்தில் பேச்சுக்குக்கூட அடங்காத விஷயம். பையன் அமெரிக்கா போன வீடு என்றால் கூடத்தில் ஒரு படம் இருக்கும். பையன் ஒரு காரின்மேல் சாய்ந்து நிற்பான், பின்னால் ஆளில்லாத தெரு. அந்தப் படம் வந்துசேரும்வரை அவன் அமெரிக்கா போய்ச் சேர்ந்ததாகக் கணக்கில்லை. என் மாமியாருக்கு அந்தப் படத்துக்கான ஆணிகூட முடிவாகியிருந்தது. மாமனார் காலமாகி வெகுநாள் ஆகியிருந்ததால் அந்த வீட்டில் மாமியார் சொன்னதுதான் சட்டம். நாங்கள் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்ததும் அவர் மகனைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்:

"நடக்கறதுக்கு இன்னாத்துக்குடா அமெரிக்கா? ஏர்பேட்டுல நடந்தா ஆவாதா?"

பிறகு தீர்ப்பையும் சொன்னார். ஹூஸ்டன் என்றால் இருவரும் சேர்ந்து போகலாம். அங்கே அவருடைய அண்ணன் மகன் இருக்கிறார், ஒத்தாசைக்கு ஆகும். வேறு ஊர் என்றால் மகன் முதலில் போகட்டும், இரண்டு மூன்று வருஷம் பார்க்கட்டும், மருமகள் புத்தூரிலேயே இருக்கட்டும். இப்படிப் பார்க்கட்டும் என்று விட்டுப்போன கணவர்களையும் புத்தூரில் இருக்கட்டும் என்று வைக்கப்பட்ட மனைவிகளையும் எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும். அந்த மனைவிகள் ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவரோடு சேர்ந்தும் இருக்க வேண்டும், வீட்டு வாசலைத் தாண்ட ஒருவரை எதிர்பார்த்துக் காத்திருக்கவும் கூடாது. இந்த இரண்டும் ஒரே ஊரில் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

"நீ ஊர சொல்லு. நான் அத ஆபீஸ்ல சொல்றேன்" என்று கணவர் பொறுப்பை என்னிடம் விட்டார். தேதி எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

நான் அப்போது திருப்பதியில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. வாரநாட்களில் பெற்றோர் வீட்டில் இருப்பேன், சனிக்கிழமை பாசஞ்சர் ரயிலில் புத்தூருக்குப் போவேன். பள்ளி முடிந்ததும் நூலகத்துக்குப் போய்க் கலைக்களஞ்சியங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். ஹூஸ்டனில் என்ன ஏற்றுமதி ஆகிறது, சிகாகோ எப்போது தீப்பற்றி எரிந்தது, டொரான்டோவில் சராசரி மழை எவ்வளவு என்பதெல்லாம் தெரிந்தது. வீட்டைவிட்டு இறங்கி இடது பக்கம் திரும்பினால் கடை இருக்குமா என்பதைப் பெரிய அறிஞர்கள் யாரும் எழுதியிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த இன்டர்நெட் சென்டரிலும் உட்கார்ந்து பார்த்தேன். அங்கே ஒரு நகரத்தின் படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வானம் முழுசாக வந்து கட்டிடங்களின் உச்சி தெரியும்போது நேரம் முடிந்துவிடும். அமெரிக்கத் தெருக்களை நான் பார்க்கவே இல்லை. வானம் நன்றாகத் தெரியும்.

என் நைனா ஒரு சத்திரத்தில் மேனேஜர். மலைக்குப் போகிறவர்கள் முந்தின நாள் வந்து தங்கும் இடம். நான் நூலகத்திலிருந்து புழுதியும் கையுமாக வருவதை ஒரு வாரம் பார்த்தவர், சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஏம்மா, புஸ்தகத்துல இன்னாத்த தேடிக்கினு கீற? அமெரிக்கா தெனமும் நம்ம சத்திரத்துக்கு வந்து, மொட்ட போட்டுக்கினு போவுது. அத புடிச்சி கேளேன்."

உண்மைதான். அங்கே பிறந்த குழந்தைகளுக்கு முதல் மொட்டை போட எல்லோரும் இங்கேதான் வந்தாக வேண்டும். ரேணிகுண்டாவில் இறங்கி, எந்த ஊரிலிருந்து வந்தாலும் ஒரே மாதிரிச் சக்கரம் வைத்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு வருவார்கள். மறுநாளிலிருந்து சாயங்காலங்களில் நான் நைனாவின் மேஜைக்குப் பக்கத்தில் பரீட்சைத் தாள்களோடு உட்கார ஆரம்பித்தேன். கேட்பதற்கு ஒரு கேள்வியும் தயாரித்தேன். சமைக்கும்போது உப்பு தீர்ந்துவிட்டால் உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள்?

ஊரைப் பற்றிக் கேட்டால் ஆண்கள் சாலைகளைப் பற்றியே சொல்வார்கள் என்பதால் உப்பைப் பற்றிக் கேட்டேன். அதற்கும் ஆண்கள் சாலைகளைப் பற்றியே சொன்னார்கள். கார் எடுத்தால் நிமிஷத்தில் கடை என்றார்கள். அவர்களுடைய மனைவிகள் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் சொன்னார்கள். சிகாகோவிலிருந்து வந்த ஒரு பெண், உப்பு தீராது, மூட்டையாக வாங்கி வைத்துவிடுவோம் என்றார். அவர்கள் வீடு இருந்தது சிகாகோவிலா என்று கேட்டால், சிகாகோதான், ஆனால் சிகாகோவுக்குப் போய் ஒரு வருஷமாகிறது என்றார். என் கணவர் போகிற ஆபீசும் ஊருக்கு வெளியே அந்தப் பக்கம்தான் இருக்குமாம், பெரிய ரோட்டோரம். அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் குடியிருப்பதும் அங்கேதானாம். சிகாகோவை அன்றைக்கே அடித்துவிட்டேன்.

தூரத்தை அவர்கள் எல்லோரும் நிமிஷத்தில் சொன்னார்கள். எங்கள் பக்கத்திலும் நிமிஷத்தில்தான் சொல்வோம், ஆனால் அது நடக்கிற நிமிஷம். பத்து நிமிஷம் என்றார்களே என்று சந்தோஷப்பட்டு, பிறகுதான் அது காரில் பறக்கிற பத்து நிமிஷம் என்று புரியும். எனவே, வண்டி நிமிஷமா கால் நிமிஷமா என்று விளக்கம் கேட்கத் தொடங்கினேன். கால் நிமிஷம் இல்லம்மா, முழுசா பத்து நிமிஷம் ஆவும் என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார்.

டொரான்டோக்காரர் ஒருவர்தான் வந்தார். தன் ஊரைப் பற்றிக் கேட்டதும், குடும்பத்தில் நடந்த ஏதோ அசம்பாவிதத்தைச் சொல்கிறவர் மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பயங்கரக் குளிர். போன புதிதில் கார் கிடையாதாம். டிராமிலும் தரைக்குக் கீழே ஓடும் ரயிலிலும்தான் போய்வந்தார்களாம். கடைக்கு? கடை கீழேயே இருந்தது, வீடு அதற்கு மேல்மாடி, ஒரே இரைச்சல் என்று சங்கடத்தோடு சொல்லிவிட்டு, கூட வந்திருந்த தன் மாமனார் பக்கம் திரும்பிப் பார்த்தார். இப்போது ஊருக்கு வெளியே நல்ல இடத்துக்குப் போய்விட்டதாகவும், அங்கே அப்படி எதுவும் இல்லை என்றும் சத்தமாகச் சேர்த்துக்கொண்டார். அவர் எதற்கெல்லாம் வெட்கப்பட்டாரோ அதையெல்லாம் நான் ஆசையோடு எழுதிக்கொண்டேன்.

ஆனால் டொரான்டோ என்றால் நான் புத்தூரில். அதனால் மனசு ஹூஸ்டனுக்கு ஒரு சாட்சி கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தது. மனசு தவிக்கும்போது சாட்சி கிடைத்துவிடும் என்பதைச் சரித்திரம் படித்தவள் நான் அறிந்திருக்க வேண்டும்.

ஐப்பசி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஹூஸ்டனிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அந்த அம்மாளுக்குச் சொந்த ஊர் பங்காருபாளையம், மாங்காய் மண்டிக் குடும்பம். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறவர். மறுநாள் விடியற்காலையில் மலைக்குக் கிளம்ப வேண்டும் என்று பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். குழந்தை அழுதுகொண்டிருந்தது. உப்பைப் பற்றிக் கேட்கும் சூழ்நிலை இல்லை. ஆகவே நேராக, அவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று தெலுங்கிலேயே, அங்கே நீங்கள் நடந்துதான் போவீர்களா என்று கேட்டேன்.

"மீரு அக்கட நடிச்சே போத்தாரா?"

தமிழில் நடிப்பது வேறு, தெலுங்கில் நடிச்சுப் போவது வேறு. தெலுங்கில் அது வெறும் நடைதான். எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

அவர் பெட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் ஒரு பெருமிதம்.

"நடிச்சே! காரெக்கி போயிந்தே லேது" என்றார். நடந்துதான், காரில் ஏறிப் போனதே இல்லை.

குழந்தையைக் கூடவா என்று கேட்டேன். குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் என்றார். கஷ்டமாக இல்லையா? நடப்பதில் இருக்கிற நிம்மதி காரில் வருமா என்று திருப்பிக் கேட்டார். அன்றைய டைரிப் பக்கத்தில் ஹூஸ்டன் என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

சனிக்கிழமை புத்தூரில் எல்லோருக்கும் சந்தோஷம். சம்பளம் அதிகமான ஊர், சொந்தக்காரர் இருக்கிற ஊர், இடுப்பில் குழந்தையோடு பெண்கள் நடந்துபோகிற ஊர். கணவர் திங்கட்கிழமை ஆபீசில் சொல்லிவிடுவதாகச் சொன்னார். மாமியார் எனக்கு இரண்டாவது முறை குழம்பு ஊற்றினார். அதுவரை அப்படி நடந்ததில்லை.

ஞாயிறு சாயங்காலம் திருப்பதி திரும்பியபோது, அந்த அம்மாள் சத்திரத்து முன்கூடத்தில், வெந்நீர் நிரப்பிய பக்கெட்டுக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. தினமும் நடக்கிறவருக்கு இப்படியா என்று எனக்கு லேசாக ஒரு கலக்கம். ஹூஸ்டனில் நடக்கும்போதும் இப்படி ஆகுமா என்று கேட்டேன்.

"ஹூஸ்டன்ல எதுக்கு நடக்கறோம்?" என்றார்.

அன்னைக்கு நடந்துதான் போவோம் என்றீர்களே என்றேன்.

"நீ கேட்டது கொண்டக்கி இல்லியா?" கொண்ட என்றால் தெலுங்கில் மலை. அவர் பக்கெட்டிலிருந்து ஒரு காலை எடுத்தார். "மொக்கு எங்களுக்கு, வேண்டுதல். வர்ற போதெல்லாம் படி ஏறிதான் போவோம், காரெக்கி போயிந்தே லேது. ஹூஸ்டன்லயா? அங்க ஒரே ஒரு தபா நடந்தேன். போலீஸ்காரன் வண்டிய நிறுத்தி, உன் காரு எங்க ரிப்பேராச்சின்னு கேட்டான். இல்லப்பா, நடக்கறேன்னு சொன்னா, அவன் நம்பவே இல்ல. என்ன கொண்டுபோயி வீட்ல உட்டுட்டு, எங்க ஊட்டுக்காரர்கிட்ட எதனா சண்டயான்னு வேற விசாரிச்சான்."

திருப்பதியில் நின்றுகொண்டு நடந்து போவீர்களா என்று கேட்டால், உலகத்தில் எந்த மூலையிலிருந்து வந்தவருக்கும் ஒரே பொருள்தான். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் அந்தக் கேள்வியை வேறு எந்தப் பொருளிலும் நானே கேட்டதில்லை. அங்கே என்று நான் சொன்னது அமெரிக்கா, அவர் காதில் விழுந்தது மலை. அவர் வீட்டில் உப்பு தீர்ந்தால் என்ன ஆகும் என்று இப்போதாவது கேட்டேன். கணவர் சாயங்காலம் வரும்வரை உப்பில்லாமல் இருக்கும் என்றார். வாரத்தில் ஐந்து நாள் பார்க்கக் கிடைப்பது எதிர்வீட்டு கராஜ் கதவுதான், அது மேலே போகும், கீழே வரும் என்றார். எனக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் பழகிவிடும், எனக்குப் பழகிவிட்டதே என்று ஆறுதலும் சொன்னார்.

மூலையில் இருந்த பூத்துக்குப் போய்ப் புத்தூருக்குப் போன் செய்தேன். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று வழியில் யோசிக்காமல் இல்லை. சொல்லாவிட்டால் இருவரும் சேர்ந்து போவோம். சொன்னால் அவர் மட்டும் போகலாம். கராஜ் கதவையா எஸ்.டி.டி. பூத்தையா, இரண்டில் எதைப் பார்த்துக்கொண்டு உட்காரப்போகிறேன் என்பதுதான் நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. போனை அவரே எடுத்தார். முழுவதையும் சொன்னேன். மறுமுனையில் பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. மாமியார் பக்கத்தில்தான் இருக்கிறார்.

கணவர் குரலைத் தாழ்த்தினார்.

"நாள் பூரா ஊட்டுக்குள்ள ஒக்காந்துக்கினு இருக்கறதுக்கு அவ்ளோ தூரம் இன்னாத்துக்கு? புத்தூரே போதுமே. இங்கயாவது சண்ட போட ஆளு கீது."

பாத்திரச் சத்தம் நின்றது. அவர் சத்தமாக, சரி சரி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அது சம்மதமா மறுப்பா என்று எனக்குத் தெரியவில்லை. திங்கள் முதல் வெள்ளிவரை டைரியில் மழையைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை. மழை பெய்யவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்து, ஆபீசில் டொரான்டோ என்று எழுதிக்கொடுத்துவிட்டதாக என்னிடம் முதலில் சொன்னார். சம்பளம் குறைவு என்று நண்பர்கள் சிரித்தார்களாம். இருவருக்கும் சேர்த்தே காகிதம் போடலாம் என்று கம்பெனியில் சொன்னார்களாம். இனி அம்மாவிடம் சொல்ல வேண்டும். அதை என்னிடம் சொன்ன வேகத்தில் அவரால் அங்கே சொல்ல முடியவில்லை. சாப்பிட்டார், கை கழுவினார், பேப்பர் படித்தார். கடைசியில் என் பையிலிருந்த பள்ளி அட்லஸை எடுத்துக்கொண்டு மாமியாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் கதவோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஹூஸ்டன் இல்லம்மா. டொரான்டோ."

"அது எங்க கீது?"

அவர் படத்தில் விரலை வைத்தார். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"எங்க அண்ணன் மவன் கீற ஊரு எது?"

விரல் பக்கத்தின் அடிப்பகுதிக்கு இறங்கியது, கிட்டத்தட்டக் கடலுக்குள் விழுகிற இடத்துக்கு.

"இவ்ளோ கீழயா?" என்றார் மாமியார்.

"ஆமாம்மா."

"அப்போ இது?"

"இது மேல."

"அமெரிக்காவுக்கே மேலயா?"

கணவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "ஆமாம்மா. மொத்த அமெரிக்காவுக்கும் மேல."

மாமியார் விரலால் கீழேயிருந்து மேலே வரை ஒருமுறை தடவிப் பார்த்தார். அவர் எதையும் எளிதில் நம்புகிறவர் அல்ல. "அப்போ கீழ கீறவங்கள்லாம் இன்னாத்துக்கு அங்க போவல?"

"எல்லாருக்கும் கெடைக்காதும்மா."

இது பொய்யில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்திருக்கும், ஆனால் கேட்டவர்தான் யாருமில்லை.

மாமியார் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். நான் ஒரே வெங்காயத்தைத் தேவைக்கு மேல் உரித்துவிட்டேன்.

"அவ்ளோ ஒசரத்துக்குத் தனியா போவாத" என்றார். "பழக்கம் இல்லாத எடம். ஒரு ஜொரம் கிரம் வந்தா கஞ்சி காச்சக்கூட ஆளு வாணாமா? அவளயும் இட்டுக்கினு போ."

வரைபடத்தில் மேலே என்பது வடக்கைத்தான் குறிக்கும், உயரத்தைக் குறிக்காது என்று ஆறாம் வகுப்புக்கு வருஷம் தவறாமல் பாடம் நடத்துகிறவள் நான். அதைத் தப்பாக எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்தவள். வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் விளக்கு வைத்ததும் மாமியார் எதிர்வீட்டுக்குப் போனார். மகனும் மருமகளும் அமெரிக்காவுக்கு மேலே இருக்கிற ஊருக்குப் போகப்போவதாக அவர் சொல்வது ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது. எதிர்வீட்டு அம்மாள் அப்படியென்றால் ரொம்பச் செலவாகுமே என்றார். நான் கை கழுவிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். கணவர் கூடத்திலிருந்து வந்து, அங்கே எவ்வளவு குளிரும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதா என்று கேட்டார். சராசரியைச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, சராசரி என்பது எப்போதும் அப்படியே இருக்காது என்று மட்டும் சேர்த்துக்கொண்டேன். எந்தப் பக்கம் மாறும் என்று சொல்லவில்லை.